இருமலைத் திருடியது யார்?

நாலு மணிக்கு அந்த அறையின் கதவு மூடப்படும். நாலு ஐந்துக்கு உள்ளே அப்பா இருமத் தொடங்குவார். நாலரைக்குக் கதவு திறக்கும். இருமல் நின்றுவிடும்.

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் மூன்று நாளும் இப்படித்தான்.

அரை டிக்கெட்டுக்கு இது சரியாகப் படவில்லை.

அரை டிக்கெட் என்பது அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெயர் அல்ல. அப்பா வைத்த பெயர். அப்பா பதினெட்டு வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். முழு டிக்கெட், அரை டிக்கெட். பத்து வயது மகள் எந்த வகை என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கை மரத்துப்போய், சில்லறைப் பை கீழே விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். விழுங்க முடியாததால், மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை வயிறு வரைக்கும் விட்டு, அதில்தான் சாப்பாடு ஊற்றினார்கள். அந்தக் குழாயை எடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பி இப்போது மூன்றாவது வாரம். பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் சொற்கள் ஒவ்வொன்றாக, நின்று நின்றுதான் வரும்.

அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடுமுறை புதன்கிழமை மட்டும். மற்ற நாட்களில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்திருக்கிறாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. தம்பியைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள்.

மூன்று நாள் வந்து கதவைச் சாத்திக்கொள்பவர்தான் பிசியோ. உடற்பயிற்சி தரும் பெண். உயரம், ஒல்லி, கையில் ஒரு கறுப்புப் பை. சிரிப்பு என்பது அந்தப் பையிலும் இல்லை.

அரை டிக்கெட் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருந்தாள்: "எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? வெளியே இருக்கும்போது இருமாத அப்பா உள்ளே போனதும் ஏன் இருமுகிறார்? ஒரு சின்னப் புத்தகத்தில் ஏதோ எண் எழுதிப் பைக்குள் ஒளிக்கிறார். அப்பாவின் தண்ணீரில் ஒரு வெள்ளைத் தூள் போடச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் கூழ் மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல தண்ணீரை யாராவது அப்படிச் செய்வார்களா?"

கீழே பெரிய எழுத்தில் "இருமல்காரி" என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை பொறுமை போய்விட்டது. பள்ளியிலிருந்து வந்ததும் பால்கனிக்குப் போனாள். துணி துவைக்கும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, அறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிசியோ அவர் முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அவருடைய விலா எலும்புக்குக் கீழே வைத்திருந்தார்.

"மூச்சை இழுங்க. இன்னும் இழுங்க. பிடிங்க... இப்ப!"

அப்பா இருமினார். அதே நொடியில் பிசியோ கைகளை உள்ளேயும் மேலேயுமாக ஓர் அமுக்கு அமுக்கினார். அப்பாவின் தோள் குலுங்கியது. முகம் சிவந்தது.

"என் அப்பாவை விடுங்க!" என்று கத்தினாள் அரை டிக்கெட்.

கத்தியவள் வாளியை மறந்துவிட்டாள். வாளி ஒரு பக்கம் போனது. அவள் இன்னொரு பக்கம் போனாள். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வா" என்றார் பிசியோ. "முழங்கால்ல அடியா?"

"இல்ல" என்று முழங்காலைத் தேய்த்தபடியே வந்தாள். "எதுக்கு அப்பாவை அமுக்கறீங்க?"

"இருமத்தான்."

"யாராவது இருமறதுக்கு அமுக்குவாங்களா? இருமல் வந்தா நிறுத்தத்தானே பார்ப்பாங்க?"

பிசியோ அவள் பக்கம் திரும்பினார். பெரியவர்களிடம் பேசுவது போலவே பேசினார். "தண்ணி குடிக்கும்போது உனக்குப் புரை ஏறியிருக்கா?"

"ம்."

"அப்ப என்ன பண்ணுவே?"

"இருமுவேன்."

"ஏன்?"

"அது... தானா வரும்."

"உங்கப்பாவுக்குத் தானா வரல. வந்தாலும் பலமா வரல. தொண்டையில ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு நுரையீரலுக்கு. பக்கவாதத்துக்கு அப்புறம் சாப்பாடு, எச்சில் எல்லாம் வழி மாறிப் போகுது. அதை வெளிய தள்ளறது இருமல்தான். தள்ளலேன்னா நுரையீரல்ல தேங்கிச் சளி கட்டும், காய்ச்சல் வரும். அவருக்குத் தள்ளப் பலம் பத்தல. அதனால நான் கூடச் சேர்ந்து தள்ளறேன்."

"அந்த வெள்ளைத் தூள்?"

"தண்ணி வேகமா ஓடும். கெட்டியா இருந்தா மெதுவாப் போகும். மெதுவாப் போனா அவருக்கு விழுங்க நேரம் கிடைக்கும்."

"கதவு?"

பிசியோ ஒரு பெருமூச்சு விட்டார். "உங்கத்தையைக் கேளு. முதல் நாள் கதவைத் திறந்துதான் வச்சிருந்தேன். அவர் ஒரு தடவை இருமினா, அவங்க ரெண்டு தடவை ஓடி வந்தாங்க. முதுகைத் தடவி, 'போதும் விட்டுடுங்க'ன்னு அழுகை. நான் யாருக்கு வைத்தியம் பார்க்கிறது?"

அப்பா மெதுவாகச் சொன்னார். "எங்கக்கா... அப்படித்தான்."

அரை டிக்கெட்டுக்குச் சந்தேகம் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசிக்கு அந்தச் சின்னப் புத்தகம் இருந்தது.

பிசியோ பையிலிருந்து, இருமலின் பலத்தை அளக்கும் ஒரு வெள்ளைக் குழாயை எடுத்தார். நுனியில் ஒரு முகமூடி. பக்கவாட்டில் எண்கள், ஒரு சிவப்பு முள். அப்பா முகமூடிக்குள் தானாகவே ஒரு முறை இருமினார். முள் ஓடி நின்றது.

நூற்று ஐம்பத்தைந்து.

பிசியோவின் புருவம் சுருங்கியது. அதைப் புத்தகத்தில் எழுதி, முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"பாப்பா, இந்த வீட்ல அப்பாவுக்கு யார் யார் சாப்பாடு குடுக்கறீங்க?"

அந்தக் குரல் அரை டிக்கெட்டுக்கு நன்றாகத் தெரிந்த குரல். சந்தேகப்படுகிறவர்களின் குரல்.

புதன்கிழமை அம்மா வீட்டில் இருந்தாள். அன்று முள் நூற்றுத் தொண்ணூறுக்குப் போனது.

அம்மா கைதட்டினாள். பிசியோ தட்டவில்லை.

"திங்கட்கிழமை நூத்தி அம்பத்தஞ்சு. இன்னிக்கு நூத்தித் தொண்ணூறு. ரெண்டு நாள்ல இப்படி ஏறாது. எனக்கு இது பிடிக்கல."

"ஏறினா நல்லதுதானே மேடம்?"

"ஏறினது நல்லது. ஏன் இறங்குச்சு? அதைச் சொல்லுங்க." பிசியோ குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் சொல்லியிருக்கார். நூத்தி அம்பதுக்குக் கீழ போச்சுன்னா வாய் வழியாச் சாப்பாடு குடுக்க முடியாது. மறுபடி மூக்குக் குழாய்தான்."

அப்பாவின் வலது கை அவரை அறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

"யாராவது தூள் கலக்காம தண்ணி குடுக்கறீங்களா? டீ? ஒரு வாய்தானேன்னு?"

"சத்தியமா இல்ல" என்றாள் அம்மா.

"நானா?" என்றாள் அத்தை. "ஒன்றரைக் கரண்டின்னா ஒன்றரைக் கரண்டி. கத்தியால வழிச்சு அளக்கறேன். நிமிர்த்தி உட்கார வச்சு, ஒவ்வொரு வாயும் முழுங்கிட்டானான்னு பார்த்துத்தான் அடுத்த வாய் குடுக்கறேன். வேணும்னா அந்தக் காகிதத்தைப் படிச்சுப் பாருங்க, ஒரு வரி மீறியிருக்கேனான்னு." குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சாப்பாட்டு விதிகளை நீதிபதி முன் சாட்சியைக் காட்டுவது போலக் காட்டினாள்.

பிசியோ அப்பாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து குனிந்து எதையோ எடுத்தார். ஒரு மிட்டாய்க் காகிதம்.

"இது யாருது?"

"என்னுது" என்றாள் அரை டிக்கெட். "அப்பாகிட்ட உட்கார்ந்து பேசும்போது சாப்பிட்டேன்."

"நீ மட்டுமா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா, அத்தை, பிசியோ. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வகுப்பில் யாருடைய பென்சில் காணாமல் போனாலும் அவள் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை அது. இந்தப் பக்கத்திலிருந்து அது இவ்வளவு சுடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அவ... குடுக்கல" என்றார் அப்பா.

ஆனால் அப்பாவின் சாட்சியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மகள் பேருந்தையே கொளுத்தியிருந்தாலும் அவர் இதைத்தான் சொல்லியிருப்பார்.

பிசியோ கிளம்பும்போது அரை டிக்கெட் படிக்கட்டில் வழியை மறித்து நின்றாள். "உங்க புத்தகத்துல இருக்கற எண்ணெல்லாம் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"நான் குடுக்கல. யார் என்ன பண்றாங்கன்னு நான் கண்டுபிடிக்கறேன்."

பிசியோ அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். "எழுதிக்கோ. பென்சில் வேண்டாம். பேனாவுல எழுது. அழிக்க முடியாது."

அன்று மாலை அவள் கட்டம் போட்டாள். முதல் வாரம்: 170, 185, 200. ஏறிக்கொண்டே போயிருந்தது. இரண்டாவது வாரம்: 165, 195, 160. இந்த வாரம்: 155, 190.

பக்கத்தில் இன்னொரு வரிசை போட்டு, அன்றன்று வீட்டில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்தி எழுதினாள். கேஸ்காரர் வந்த நாள், மின்சாரம் போன நாள், அப்பா குளித்த நாள். எதுவும் பொருந்தவில்லை. யோசித்தபடியே பேனாவைக் கடித்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து புதன்கிழமை மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது?

புதன்கிழமை அம்மா வீட்டில் இருப்பாள். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு அம்மா கொடுப்பாள்.

மற்ற நாட்களில் யார் கொடுப்பது?

அரை டிக்கெட் நோட்டை மூடிவிட்டாள். கேஸ்காரராகவே இருக்கக்கூடாதா என்று நினைத்தாள். அந்த நேரத்தில் அத்தை அவளுக்குத் தலை வாரிவிடச் சீப்போடு வந்தாள்.

"என்ன கண்ணு, முகம் இப்படி இருக்கு? அந்த பிசியோ சொன்னதையா நினைச்சிட்டு இருக்கே? எனக்கு அவ மேலதான் சந்தேகம். நல்லா இருக்கற பிள்ளையைப் போட்டு இரும வைக்கிறா."

அத்தையின் விரல்கள் தலைமுடிக்குள் மெதுவாகப் போய் வந்தன. இப்படித் தலை வாருகிற கைமேல் சந்தேகப்படுவது எவ்வளவு கஷ்டம்!

வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம். மதியத்தோடு பள்ளி முடிந்துவிட்டது. அத்தைக்கு அது தெரியாது.

அரை டிக்கெட் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். கதவைச் சத்தமில்லாமல் தள்ளினாள். அறையில் அப்பா சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். அத்தை காலிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேடையில், மசித்த உருளைக்கிழங்கு ஒட்டிய கரண்டிக்குப் பக்கத்தில், ஒரு பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி இருந்தது.

அத்தை கையைத் துடைத்தாள். புட்டியைக் கைக்குட்டையில் சுற்றினாள். ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அரை டிக்கெட் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அத்தை புட்டியைத் தன் துணிப்பையின் அடியில் செருகிவிட்டு, காயப் போட வேண்டிய துணிகளோடு மொட்டை மாடிக்குப் போனாள்.

அரை டிக்கெட் துணிப்பையைத் திறந்து புட்டியை எடுத்து, அதில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வறட்டு இருமலை அடக்கும். தூக்கம் வரலாம்.

இருமலை அடக்கும்!

அவள் புட்டியோடு தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினாள். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இதைக் குடிச்சா என்ன ஆகும்?"

"இருமல் நிக்கும். ஏன், யாருக்கு இருமல்?"

"இருமியே ஆகணும்னு இருக்கறவங்க குடிச்சா?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "அது யாரு அப்படி?"

"எங்கப்பா. அவருக்குப் புரை ஏறினா இருமித்தான் வெளிய தள்ளணும். அதுக்காக ஒரு அக்கா வந்து அமுக்கி அமுக்கிப் பழக்கறாங்க."

கடைக்காரரின் முகம் மாறிவிட்டது. "உங்கத்தைதானே வாங்கிட்டுப் போனாங்க? தனக்குன்னுல்ல சொன்னாங்க! ராத்திரியெல்லாம் வறட்டு இருமல்னு சொன்னாங்களே! இங்க பாரு, அப்பாவுக்கு இதை ஒரு சொட்டுகூடக் குடுக்கக்கூடாது. அந்த அக்காகிட்டயோ டாக்டர்கிட்டயோ இன்னிக்கே சொல்லணும். நீ சொல்றியா, நான் வரட்டா?"

"நான் பார்த்துக்கறேன் அண்ணா."

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பி வரும்போது மனதுக்குள் கணக்குப் போட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தால் சண்டை வரும். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்புறம் பகலில் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? யாருக்கும் தெரியாவிட்டால் மூக்குக் குழாய் வந்துவிடும்.

வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"என் பையை யாரு திறந்தது?"

"நான்தான்." அரை டிக்கெட் புட்டியை நீட்டினாள்.

அத்தை அதை வெடுக்கென்று பிடுங்கினாள். பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "தண்ணியா குடுக்கல. உருளைக்கிழங்குல கலந்து, கெட்டியாத்தான் குடுத்தேன். சாப்பாட்டு விதியில இருமல் மருந்து குடுக்காதேன்னு எங்க எழுதியிருக்கு? எழுதியிருந்தா காட்டு."

"எதுக்கு அத்தை குடுத்தீங்க?"

அத்தை படியில் உட்கார்ந்தாள். "வீட்டுக்கு வந்த முதல் ஞாயித்துக்கிழமை பூரா இருமினான். நீ பார்த்தேல்ல? அவனுக்கு ஒரு வயசா இருக்கும்போது நெஞ்சுச்சளி. தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடந்தேன். எனக்கே அப்ப பதிமூணு வயசு. அவன் இருமறதை என்னால காதால கேட்க முடியாதுடி. ரெண்டு மூடி குடுத்தேன். நல்லாத் தூங்கினான். சரி, குணமாகுதுன்னு நினைச்சேன்."

அரை டிக்கெட் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிசியோ சொன்னதை அப்படியே சொன்னால் அத்தை கேட்கமாட்டாள். யாருடைய பேச்சை அத்தை கேட்பாள்? தம்பியைப் பற்றிய பேச்சை.

"அத்தை, அப்பா பஸ்ல டிக்கெட் இல்லாம யாராவது ஏறினா என்ன பண்ணுவாரு?"

"விசில் அடிச்சு வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். சொந்த மாமாவையே இறக்கிவிட்டவன் அவன்." சொல்லும்போதே அத்தைக்குப் பெருமை பொங்கியது.

"அப்பாவோட நுரையீரல்தான் பஸ்ஸுன்னு வச்சுக்கோங்க. காத்து மட்டும்தான் அதுல ஏறலாம். உருளைக்கிழங்கு, எச்சில் எல்லாம் டிக்கெட் இல்லாம ஏறுது. இறக்கிவிடற கண்டக்டர்தான் இருமல். ஏற்கெனவே கண்டக்டருக்கு உடம்பு சரியில்ல. நீங்க அவருக்குத் தூக்க மருந்து வேற குடுத்திருக்கீங்க."

அத்தை கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள்.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை மூட்டை கட்டச் சொல்லிடுவா."

"அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். ஆனா பிசியோ அக்காவுக்குத் தெரிஞ்சே ஆகணும் அத்தை. நீங்களே சொல்லிடுங்க. நாலரை மணி வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன். அதுக்கப்புறம் சொல்லிடுவேன்."

"என்னடி, கெடு வைக்கிறியா?"

"ஆமா."

"போலீஸ்காரி" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை உள்ளே போனாள்.

நாலு மணிக்கு பிசியோ வந்தார். அன்று அரை டிக்கெட்டும் அறைக்குள் இருந்தாள். அப்பாவுக்கு இன்னும் தூக்கக் கலக்கம். "இழுங்க, பிடிங்க, இப்ப!" என்று பிசியோ அமுக்கும்போதெல்லாம், இருமல் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

கடைசியாக அப்பா வெள்ளைக் குழாயில் இருமினார். முள் சோம்பேறித்தனமாக நகர்ந்து நின்றது.

நூற்று நாற்பத்தைந்து.

பிசியோ அதை உடனே எழுதவில்லை. அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, "சிரிங்க பார்ப்போம். கையைத் தூக்குங்க. உங்க பேரைச் சொல்லுங்க" என்றார். அப்பா எல்லாவற்றையும் செய்தார். பிசியோ எழுந்து தொலைபேசியை எடுத்தார்.

"இன்னொரு பக்கவாதம் வந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. டாக்டர்கிட்ட பேசறேன். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். மூக்குக் குழாயும் போட்டாகணும்."

அப்பா வலது கையால் மூக்கை மூடிக்கொண்டார், குழந்தை மருந்துக்கு வாயை மூடிக்கொள்வது போல.

அரை டிக்கெட் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தாறு. கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்தாள். அத்தையின் முகம் வெளுத்திருந்தது. வாய் திறந்தது, மூடியது. தொலைபேசியில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

சொல்லிவிடலாமா? இன்னும் நாலு நிமிடம் இருக்கிறதே, வாக்குக் கொடுத்தாயிற்றே!

அவள் போய் அத்தைக்குப் பக்கத்தில் நின்றாள். அத்தையின் கை குளிர்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். வேறொன்றும் செய்யவில்லை.

அத்தை ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

"போனை வைம்மா" என்றாள். முந்தானைக்குள்ளிருந்து புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான்தான். ரெண்டு வாரமா, மதியச் சாப்பாட்டுல ரெண்டு மூடி. அவன் இருமக்கூடாதுன்னு குடுத்தேன். வேற யாருக்கும் தெரியாது."

பிசியோ புட்டியை எடுத்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வாரம் மூணு நாள் இருமலைச் சேர்த்து வைக்கிறேன்" என்றார் மெதுவாக. "நீங்க மதியத்துல வந்து திருடிட்டுப் போறீங்க."

அத்தை அழத் தயாரானாள்.

"அழாதீங்க. நான் பயந்தது வேற. அதுக்கு இது எவ்வளவோ மேல்." அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "சார், உங்களுக்குமா தெரியல?"

அப்பா மூக்கிலிருந்து கையை எடுத்தார். "உருளைக்கிழங்கு... ஏன் இனிக்குதுன்னு... யோசிச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அக்கா சமையல்... எப்பவும் அப்படித்தான்னு... விட்டுட்டேன்."

அத்தை அழுகையை மறந்து அவரை முறைத்தாள்.

பிசியோ மறுபடி அழைத்ததும் டாக்டர் தொலைபேசியில் நிறையக் கேள்வி கேட்டார். பிசியோ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். முடிவில், தூக்கக் கலக்கம் தெளியும் வரை வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், மருந்தை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். இடையில் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அடுத்த வெள்ளிக்கிழமை முள் இருநூறைத் தொட்டால் மூக்குக் குழாய் என்ற பேச்சே வேண்டாம்.

கிளம்பும்போது பிசியோ அரை டிக்கெட்டிடம் சொன்னார். "மிட்டாய் விஷயத்துல உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்."

"நானும் உங்களைத் தப்பா நினைச்சேன்."

"என்னன்னு?"

"அது வேண்டாம் அக்கா" என்றாள் அரை டிக்கெட் அவசரமாக.

அன்று அம்மா வேலையிலிருந்து வந்ததும் அத்தையே அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் அம்மாவின் குரல் உயர்ந்தது. பிறகு அத்தையின் குரல் தாழ்ந்தது. பிறகு இரண்டுமே கேட்கவில்லை. அரை டிக்கெட் ஒட்டுக் கேட்கவில்லை. கேட்க முயற்சி செய்தாள், காதில் விழவில்லை என்பதுதான் உண்மை.

கதவு திறந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது, அத்தையின் மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணி எங்கயும் போகல" என்றாள் அம்மா, யாரோ கேட்டதைப் போல. "நானும் ஒரு நாளாவது அண்ணியைப் பக்கத்துல உட்கார வச்சு, இருமல் எதுக்குன்னு சொல்லியிருக்கணும். காகிதத்தை ஒட்டிட்டு வேலைக்கு ஓடிட்டேன்."

திங்கட்கிழமை பிசியோ வந்ததும் அத்தையைக் கூப்பிட்டார். "இனிமே கதவைச் சாத்தப்போறதில்ல. உங்களுக்கு ஓடி வரணும்னு தோணினா உள்ளயே இருங்க. நான் அமுக்கறேன், நீங்க எண்ணுங்க. ஒண்ணுல மூச்சு, ரெண்டுல பிடிக்கணும், மூணுல இருமணும்."

முதல் நாள் அத்தை கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். நூற்று எழுபது. புதன்கிழமை ஒரு கண்ணைத் திறந்துகொண்டு எண்ணினாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா இரண்டு மணி நேரம் முன்னதாகவே அனுமதி கேட்டு வந்துவிட்டாள். பயிற்சி முடிந்து பிசியோ வெள்ளைக் குழாயை எடுத்தார். "மூணு வாய்ப்பு. நான் கை வைக்கமாட்டேன். நீங்களா இருமணும்."

முதல் இருமல் நூற்று எண்பத்தைந்து. இரண்டாவது நூற்றுத் தொண்ணூற்றைந்து.

அரை டிக்கெட் அப்பாவின் கண்ணையே பார்த்தாள். அப்பா முகமூடியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

அத்தை முன்னால் வந்து நின்றாள். இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன.

"ஒண்ணு... இழுடா தம்பி, இழு! ரெண்டு... விட்டுடாதே, பிடி! மூணு... இருமுடா!"

அப்பா இருமினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முள் சரேலென்று ஓடி, இருநூறைத் தாண்டி, இருநூற்றுப் பதினைந்தில் போய் நின்றது.

அம்மா உட்கார்ந்தே விட்டாள். அரை டிக்கெட் கட்டிலின் மேல் ஏறிக் குதித்தாள். பிசியோ சிரித்தார். பல் எல்லாம் தெரியும்படி, நிஜமாகவே சிரித்தார்.

அப்போது வாசலில் யாரோ படபடவென்று தட்டினார்கள். அத்தைதான் போய்த் திறந்தாள். மேல்வீட்டுக்காரர் மதியத் தூக்கம் கலைந்து, பனியனோடு, பதறிப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? இவ்வளவு பெரிய இருமல்! ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு?" என்றாள் அத்தை, தலையை நிமிர்த்தி. "இன்னிக்குத்தான் என் தம்பி நல்லா இருமியிருக்கான். போய் நிம்மதியாத் தூங்குங்க!"